மேட்டுக்காரரின் அண்டைவீடு

கைடு மைக்கை விரலால் தட்டியதும் ருய்லியன் தலைத்துணியை இழுத்துக் காதுகளை மூடிக்கொள்வாள். கை மட்டும் நிற்காது. மாதுளம்பழத்தின் கிரீடத்தைச் சீவி, தோலில் கோடு கோடாகக் கீறி, கட்டைவிரல்களால் பிளந்து, முத்துக்கள் தெரிகிற மாதிரி தட்டில் மலர்த்தி வைப்பாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் மஞ்சள் கொடியைச் சுற்றி நிற்கும். மைக்கில் வருகிற குரல் நாளுக்கு நாள் வேறு, சேதி ஒன்றுதான். மேற்கு ஓரத்தில் குதிரை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாடு, பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிப் பேரரசானது. எல்லோருக்கும் ஒரே எழுத்து, ஒரே எடைக்கல், ஒரே காசு, வண்டிச் சக்கரங்களுக்கு நடுவே ஒரே அகலம். மலை முதுகில் சுவர். இத்தனையும் செய்த முதல் பேரரசர் இதோ இந்த மேட்டுக்குள்தான் படுத்திருக்கிறார் என்று கைடு கையை நீட்டும்போது எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். ருய்லியன் தலை பழத்தட்டைப் பார்த்தபடி இருக்கும்.

அந்தப் பேரரசரின் பெயரை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. அவளுக்கு அவர் 'மேட்டுக்காரர்'. வேன் டிரைவர்கள் வேண்டுமென்றே சீண்டுவார்கள். அவர் செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டதே, இன்னும் என்ன பயம் என்பார்கள்.

"ஆகட்டுமே. நீ சாயங்காலம் வண்டிய எடுத்துட்டுப் போயிருவ. நான் இங்கதானே படுக்கணும். பக்கத்து வீட்டுக்காரரப் பேரு சொல்லிக் கூப்பிடறது என்ன பழக்கம்?"

ஆள் குள்ளம், தோள் அகலம். எழுபதைத் தொட்டுவிட்டாள். வெயிலும் குளிரும் மாறி மாறி அடித்ததில் கன்னங்கள் அவள் விற்கிற பழத்தோல் மாதிரியே சிவந்து வெடித்திருக்கும். நீலச் சட்டையின் மேல் பூப்போட்ட கையுறை முழங்கை வரை. அதில் பூ எது, மாதுளைக் கறை எது என்று தெரியாது. மற்றக் கடைக்காரிகள் 'தேன் மாதிரி இனிப்பு, வாங்க' என்று தொண்டை கிழியக் கூவும்போது இவள் பழத்தைப் பிளந்து காட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். யாராவது விலை கேட்டால் குனிந்து காதோரம் சொல்வாள், ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி. வெட்டவெளியில் அவள் குரல் எப்போதும் அப்படித்தான். வீட்டுக்குள் வந்தால்தான் அதட்டலும் சிரிப்பும். காரணம் கேட்டால், "மண்ணுக்குக் காது இருக்கு. சிமெண்டுத் தரைக்கு இல்ல" என்பாள்.

சுட்ட மண் வீரர்களை நிறுத்தி வைத்திருக்கிற பெரிய கூடத்துக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். உள்ளூர்க்காரர்களை இலவசமாக உள்ளே விட்ட ஒரு நாளில், அவளும் அண்டை வீட்டுக்காரிகளும் சேர்ந்து போனார்கள். மற்றவர்கள் குதிரைகளையும் தேரையும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ருய்லியன் முகங்களைப் பார்த்தாள். எல்லாம் இந்தப் பக்கத்து முகங்கள். தட்டையான தாடை, கொஞ்சம் முந்தி நிற்கிற கீழுதடு. வரிசையில் நின்ற ஒருவனுக்கு அவளுடைய கொழுந்தனின் முகம் அப்படியே இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கைடு, வீரர்களின் உடம்பில் அங்கங்கே அவற்றைச் செய்த தொழிலாளியின் பெயர் அழுத்தியிருப்பதைக் காட்டினாள். கூட்டத்தில் ஒருவர், அந்தக் காலத்திலேயே தொழிலாளிக்கு எவ்வளவு மரியாதை என்றார். கைடு சிரித்தாள். மரியாதைக்காக இல்லை, செய்ததில் குறை இருந்தால் யாரைத் தண்டிப்பது என்று தெரிய வேண்டாமா என்றாள்.

ருய்லியன் அதோடு வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கேயாவது கையெழுத்துப் போடச் சொன்னால் அவள் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும். "பேரு எதுக்கு இருக்கு? பிடிச்சுட்டுப் போறதுக்கு" என்பாள், சிரிக்காமல்.

மேடு இருக்கிற இந்த லின்தோங் பக்கத்தில் கிணறு தோண்டினாலும் சமாதி தோண்டினாலும் மண்ணின் நிறத்தைப் பார்த்துத்தான் மூச்சு விடுவார்கள். மஞ்சள் மண் ஒரே நிறமாக வந்தால் நிம்மதி. கறுப்பும் சிவப்பும் மஞ்சளும் கலந்து, பாளம் பாளமாக உடைந்து வந்தால், அந்த மண்ணை முன்னாலேயே யாரோ தோண்டித் திரும்பக் கொட்டி இடித்திருக்கிறார்கள் என்று பொருள். யார் என்று கேட்க வேண்டாம். நாடு முழுவதிலிருந்தும் கைதிகளைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிவந்து மேட்டுக்காரர் தனக்கு வீடு கட்டினார். வேலையிலேயே செத்தவர்கள் அங்கங்கே குழிக்குள் போனார்கள். எல்லாம் முடிந்த பிறகு, உள்ளே வழி தெரிந்த தொழிலாளிகளை வெளியே விடாமல் வாசல் கதவை இறக்கி மூடினார்கள். பள்ளிக்கூடம் பார்க்காதவர்களுக்கும் இந்தக் கதை தெரியும். செத்தவர்கள் போக மிஞ்சிய கைதிகளின் வம்சம்தான் நாம் என்று ஊரில் ஒரு பேச்சு. மேட்டுக்குக் காவல் வைத்த குடும்பங்கள் என்று இன்னொரு பேச்சு. எது கௌரவம் என்று கல்யாண வீட்டில் அடிதடிகூட நடந்திருக்கிறது. கலர் மண்ணைக் கண்டால் மூடிவிட்டு வா, யாரிடமும் சொல்லாதே என்று புருஷன் அவளிடம் சொல்லியிருந்தான். அவனும் மண்ணுக்கு அடியில் வேலை பார்த்தவன்தான். வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துத் தூசியை நுரையீரலில் சுமந்துகொண்டு வந்து, இருமி இருமி, மாதுளைக் கன்றுகள் காய்ப்பதற்குள் போய்விட்டான்.

பிள்ளை இல்லை. கொழுந்தன் மான்சாங்தான் பிள்ளை. அவள் வாக்கப்பட்டு வந்தபோது அவனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். அடுப்பில் சுட்ட ரொட்டியில் கருகின ஓரம்தான் அவனுக்குப் பிடிக்கும். அதற்காகவே ஒரு பக்கத்தைக் கருக விடுவாள். தாயில்லாப் பிள்ளை என்று யாரோ சொன்னதற்கு அவன் மண்டையை உடைத்துவிட்டு வந்து, "எனக்கு அண்ணி இருக்கில்ல" என்று சொன்னவன்.

அந்த மான்சாங் வளர்ந்து, பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் மண் வீடு என்று தட்டிக்கழிக்கப்பட்டு, முகம் இறுகிப் போயிருந்த ஒரு வசந்த காலத்தில்தான் பெய் என்ற வெளியூர்க்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தான். காளான் வளர்க்கிறவர் என்று சொன்னான். ஒல்லியான ஆள். ஒரு காது மேல்பக்கம் மடிந்திருக்கும். நகமெல்லாம் சுத்தம். ருய்லியனின் தோப்பு ஓரத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தாளால் கொட்டகை போட்டார்கள். காளானுக்கு இருட்டு வேண்டும், வெளியாள் மூச்சுப் பட்டால் கெட்டுப்போகும் என்று சொல்லி யாரையும் உள்ளே விடவில்லை. அடுத்த தோப்புக்காரி சியாவ்யே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒங்க கொழுந்தன் பொழச்சுக்குவான் அக்கா, எங்க வீட்டு ஆளுக்கும் ஏதாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கோடை முழுக்கக் கொட்டகையிலிருந்து உரமண் என்று கூடை கூடையாக வெளியே வந்தது. ஒரு காளானைக்கூட யாரும் பார்க்கவில்லை.

ஒரு நாள் அந்த மண்குவியலில் ருய்லியன் கையை விட்டாள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள். ஒரு பாளத்தை எடுத்துத் திருப்பினாள். அதன் முகத்தில் சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரிக் குழிகள். மண்ணை இடித்த கட்டையின் தலை பட்ட தடங்கள். பெயர் தெரியாத எவனோ கை ஓய இடித்த இடி அது. அவள் கட்டைவிரல் அந்தக் குழிக்குள் சரியாகப் பொருந்தியது. சட்டென்று பாளத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தாள், சுட்டுவிட்டது போல.

மான்சாங் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோனது.

"நீ எதையும் பாக்கல அண்ணி."

"சுட்டுருவாங்கடா."

"மாட்டினாத்தானே."

அந்த வருஷங்களில் அது வெறும் பயமுறுத்தல் இல்லை. மண்ணுக்கடியில் இருந்து எடுத்ததை விற்று மாட்டியவர்களின் பெயர்கள் கடைத்தெருச் சுவரில் ஒட்டப்படும். பெயருக்கு மேலே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். ருய்லியனுக்கு அதிகம் படிக்கத் தெரியாது. அந்தச் சிவப்புக் கோட்டைப் படிக்கப் படிப்பு வேண்டியதில்லை.

அடுத்த வாரமே பெய் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கூப்பிடாமலே வந்தான். அவள் பட்டை பட்டையாக நூடுல்ஸ் இழுத்துப் போட்டு, மிளகாய்த்தூளின் மேல் காய்ந்த எண்ணெயை ஊற்றினாள். அவன் நிதானமாக ரசித்துச் சாப்பிட்டான். இப்படி ஒரு கைமணத்தைத் தன் ஊரில் கண்டதில்லை என்றான். மான்சாங் தலையை நிமிர்த்தவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு பெய் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். விரல் நீளத்தில், மூன்று விளிம்பு வைத்த வெண்கல அம்புமுனை. அங்கே கிடந்த ஒரு பூண்டின் மேல் அதைச் சும்மா வைத்து அழுத்தினான். பூண்டு ஓசையில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

"பாத்தீங்களா அக்கா, எத்தனை காலமாச்சு, கூர்மை போகல. அந்த ராஜா காலத்து வேலை அப்படி. அந்தக் காலத்துல உள்ள போனவங்களும் நல்லவங்க. ஒருத்தர்கூட வெளிய வந்து பேசல."

அம்புமுனையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் அவளிடம் மரியாதையாக நீட்டினான். அவன் போனபிறகு அந்தப் பூண்டுத் துண்டுகளை அவள் சமையலில் போடவில்லை. வெளியே எறியவும் பயமாக இருந்தது. அடுப்பில் போட்டாள்.

பிறகு இலையுதிர் கால மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் அது அடித்துப் பெய்கிற மழை இல்லை. ஊசி ஊசியாக, நாள் கணக்கில், விடாமல் இறங்கும். தண்ணீர் குடித்துக் குடித்து மாதுளம்பழங்கள் மரத்திலேயே வெடித்தன. ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஒரு மத்தியானம், வெடித்த பழங்களையாவது பொறுக்கலாம் என்று ருய்லியன் கூடையோடு தோப்புக்குப் போனாள். கொட்டகைப் பக்கத்து மரவரிசை லேசாகச் சாய்ந்திருப்பது போலத் தோன்றியது. மழையில் கண் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துக் குனிந்தாள். அப்போது காலுக்கடியில் தரை ஒரு பெருமூச்சு விட்டது. அவள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வாள். இடிச்சத்தம் இல்லை, வெடிச்சத்தம் இல்லை. நீண்ட தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்து மூச்சு விட்டது போல ஒரு சத்தம். அந்த மரவரிசை முழுவதும் கிளைகளோடு, பழங்களோடு, இடுப்பளவு கீழே இறங்கி நின்றது.

கொட்டகையிலிருந்து பெய், அவன் ஆள் ஒருவன், இரண்டு பேரும் தலையிலிருந்து கால் வரை சேறாக வெளியே ஓடிவந்தார்கள். பெய் அவளைப் பார்த்து நின்றான். மூச்சிரைத்தது. ஆனாலும் குரல் மரியாதையாகவே வந்தது.

"உள்ள யாரும் இல்ல அக்கா."

இரண்டு பேரும் மூன்று சக்கர வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். வண்டிச் சத்தம் தேய்ந்து மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ருய்லியன் கொட்டகைக்குள் போனாள். கிணறு மாதிரி ஒரு குழி. கொஞ்ச தூரம் இறங்கியதும் பக்கவாட்டில் திரும்பிய பொந்து முழுக்கச் சேறு அடைத்துக் கிடந்தது. குழி ஓரத்தில் மான்சாங்கின் செருப்பு ஜோடியாக இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போது கழற்றி வைப்பது போல ஒழுங்காக. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு காதைத் தரையில் வைத்தாள்.

தட்டுகிற சத்தம் கேட்டது. கல்லில் இரும்பு தட்டுகிற மாதிரி. கொஞ்சம் நின்றது. மறுபடி தட்டியது.

மம்மட்டியை எடுத்து வெறிபிடித்தவள் போல் அள்ளினாள். அள்ள அள்ளச் சேறு சரிந்து உள்ளேதான் போனது. மம்மட்டியை ஊன்றி நின்றாள். ஊரைக் கூப்பிட்டால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் சிவப்புக் கோடு. கூப்பிடாவிட்டால் தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். கொழுந்தன் வேலை தேடி வெளியூர் போய்விட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். இறங்கிப் போன மரங்களுக்கு மழையைக் காரணம் காட்டலாம். வீட்டுக்குக் கெட்ட பெயர் வராது. அக்கம்பக்கத்து ஆண்களை யாரும் இழுத்துப் போக மாட்டார்கள். அந்த எண்ணம் தனக்கு வந்தது என்பதைப் பிற்காலத்தில் அவள் மறைத்ததில்லை. அதோடு இன்னொன்றும் வந்தது. மேட்டுக்காரரின் கதவை இறக்கி மூடிய அன்றைக்கு, மேலே நின்றவர்களுக்கும் இந்தச் சத்தம் கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டே மண்ணை அள்ளிப் போட்டிருப்பார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது, அண்டை அயல் இருந்தது, பெயர் இருந்தது. பயந்திருப்பார்கள்.

கூடையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

ஊர் அலுவலகத்தில் செயலாளர் கொங் ஒற்றை ஆளாகத் தேநீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை; மான்சாங் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து தெரிந்தவர். நம்பகமான ஆட்கள் நாலு பேரை மட்டும் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அந்த ஆட்கள் வருவதற்குள் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அவர் கதவின் மேல் வைத்த கையை எடுக்காமலே பேசினார்.

"நல்லா யோசிச்சுக்க. ஊருக்குத் தெரிஞ்சா அவனச் சுட்டுருவாங்க."

"சுட்டா வெளிச்சத்துல சாகட்டும்."

அவரைத் தாண்டிப் போய், ஊர் அறிவிப்புகள் படிக்கிற மைக்கின் பொத்தானைத் தட்டினாள். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் மழையில் ஒரு கீச்சல் கீச்சிவிட்டு அடங்கின. பிறகு அவள் குரல் வந்தது. சந்தையில் விலையைக்கூட உரக்கச் சொல்லாதவளின் குரல், தெருத்தெருவாக, தோப்புத் தோப்பாக, மேட்டின் சரிவு வரைக்கும் போனது.

"நான் குவோ வீட்டு ருய்லியன் பேசறேன். எங்க தோப்புல, காளான் கொட்டகைக்குக் கீழ, கொழுந்தன் மான்சாங் மண்ணுக்குள்ள இருக்கான். கல்லறை தோண்டப் போனவன். உசிரோட இருக்கான். மம்மட்டி இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க."

வருவார்களா என்று அவளுக்குத் தெரியாது. வந்தார்கள். ஒருவன் வந்தான், பிறகு தெருவே வந்தது. சியாவ்யேயின் புருஷன்தான் குழிக்குள் முதலில் இறங்கியவன். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தோண்டினார்கள். போலீஸ் வண்டி வந்தது. அருங்காட்சியகத்திலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட கண்ணாடிக்காரர் ஒருவர் வந்தார். சேற்றில் படுத்து உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பொந்து வழியாகப் போனால் சரிந்துகொண்டேதான் இருக்கும், பக்கத்தில் நிற்பது பழைய இடிமண் சுவர், அதை உடைத்துப் போனால் சீக்கிரம் எட்டலாம் என்றார். அது அந்தக் காலத்துச் சுவராயிற்றே என்று போலீஸ்காரர் தயங்கினார். கண்ணாடிக்காரர் சேற்றிலிருந்து எழுந்தார்.

"சுவர் அப்படி இருந்துச்சுன்னு எழுதி வச்சுக்கலாம். ஒடைங்க."

இரண்டாயிரம் வருஷத்துச் சுவர் லேசில் உடையவில்லை. மம்மட்டி பட்ட இடத்தில் தீப்பொறி பறந்தது என்பார்கள். மழை இருட்டு கவியும் நேரத்தில் மான்சாங்கைப் பலகையில் வைத்துத் தூக்கினார்கள். இடது கால் நசுங்கியிருந்தது. வாயில், மூக்கில், இமைக்குள் எல்லாம் மண். பலகையிலேயே ஒரு கையை விலங்கிட்டார்கள். ருய்லியன் தலைத்துணியை மழையில் நனைத்து அவன் கண்ணைத் துடைத்தாள். கண் திறந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"ஏன் அண்ணி கூப்பிட்ட?"

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் கடைத்தெருச் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். நோட்டீஸ் ஒட்டுகிற ஆள் பசைவாளியோடு வந்தால் வேறு சந்துக்குள் போய் நின்றுகொள்வாள். பிறகு யாரையாவது அனுப்பிப் பார்த்துவரச் சொல்வாள். தெருவில் முக்கால்வாசி ஆண்களை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். கூட்டாளிகளா, தெரிந்தும் சொல்லாமல் இருந்தார்களா என்று துருவிக் கேட்டார்கள். சியாவ்யேயின் புருஷன் திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தான். குழிக்குள் முதலில் இறங்கியவனுக்கு வழி எப்படித் தெரிந்தது என்றுதான் அவனைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அவன் அதற்குப் பிறகு ஊரில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. சியாவ்யே வேலியோரம் வந்து நின்று, நிதானமாகச் சொன்னாள்.

"மேட்டுக்காரரு காலத்துல ஒரு வீட்டுத் தப்புக்கு அஞ்சு வீட்டச் சேத்து அடிப்பாங்களாம். மைக்குல பேசும்போது அந்த அஞ்சு வீட்ட நெனச்சியா நீ?"

அதுதான் அவள் ருய்லியனிடம் கடைசியாகப் பேசியது. 'அக்கா' போய் 'நீ' வந்ததையும் ருய்லியன் கவனித்தாள்.

பனி உருகும் சமயத்தில் தீர்ப்பு வந்தது. மான்சாங்குக்குப் பன்னிரண்டு வருஷம். உயிர் இருந்தது. பெய்யை வேறு மாகாணத்தில் ஒரு ரயில் நிலையத்தில் பிடித்தார்கள்; அவன் பெயர்மேல் கோடு விழுந்தது. அந்த நோட்டீஸை மட்டும் ருய்லியன் தானே போய்ப் பார்த்தாள். தோப்பில் வேலி போட்டார்கள். அவளுடைய தெருவைக் காலி செய்து, சிமெண்டுத் தரை போட்ட புது வீடுகளுக்கு எல்லோரையும் மாற்றினார்கள். அங்கேயும் சியாவ்யேயின் வீடு அடுத்த வீடாகவே அமைந்தது. இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு சைக்கிள் நிறுத்துகிற இடம்தான். அந்த இடத்தைத் தாண்டி ஒரு வார்த்தை போகவில்லை.

சிறைக்கு முதலில் போனபோது மான்சாங் அவளைப் பார்க்க மறுத்துவிட்டான். அடுத்த தடவையும் மறுத்தான். அவள் கொண்டுபோன ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டான் என்று காவலர் சொன்னார். கருகின ஓரத்தோடு சுட்ட ரொட்டி. அது போதும் என்று ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய்வந்தாள். மூன்றாம் வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். அதற்கடுத்த வருஷம் பேசினான்.

வெளியே வந்தவன் வேறெங்கும் போகவில்லை. நொண்டி நொண்டி அவள் வீட்டுக்கு வந்து, கிழக்கு அறையில் படுக்கையை விரித்தான். அவளுக்காக லீ மலை அடிவாரத் தோப்புகளில் பழம் வாங்கி வருகிறான், கூடை பின்னுகிறான். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மறுபடி அவனை யாராவது தேடி வருவார்களோ என்று அவளுக்கு ஒரு பயம். பெய்யைப் போல மடிந்த காதுள்ள எவனையாவது சந்தையில் பார்த்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆனால் அதைவிடப் பெரிய பயத்தை அவன்தான் அவளுக்குக் கொடுத்தான். வந்து சில வருஷம் கழித்து, ஒரு மழைநாளில், பேச்சோடு பேச்சாக.

"உள்ள இருக்கும்போது நான் தட்டினேன்ல அண்ணி. நீங்கல்லாம் தோண்டின சத்தம் மேலருந்து வந்துச்சு. அது வேற. சுவத்துக்கு அந்தப் பக்கமும் ஒண்ணு கேட்டுச்சு. நான் தட்டினா அதுவும் தட்டும். நான் நிறுத்தினா நிறுத்தும்."

எதிரொலிடா என்றாள் ருய்லியன்.

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான் அவன், பின்னிக்கொண்டிருந்த கூடையைப் பார்த்தபடி. "ஆனா நீங்க என்னத் தூக்கினப்போ, நான் தட்டறத நிறுத்தினேன். அது நிறுத்தல."

இதை அவள் எப்போதாவது, நம்பிக்கையான ஒருவரிடம், சிமெண்டுத் தரை மேல் உட்கார்ந்துதான் சொல்வாள். சொல்லிவிட்டு, அவன் அப்போது மயக்கத்தில் இருந்தான், அவன் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்வாள். கேட்டவர் ஆமாம் என்று தலையாட்டும்வரை விடமாட்டாள்.

போன குளிர்காலத்தில் சியாவ்யேயின் புருஷன் இறந்துபோனான். நாற்பத்தொன்பது நாள் துக்கம் முடிவதற்குள் ஒரு மாலை, பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு தட்டு நிறைய வெயிலில் காயவைத்த தித்திப்புச் சீமைப்பனிச்சைப் பழங்களை எடுத்துக்கொண்டு சியாவ்யே அந்தச் சைக்கிள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி வந்தாள். ருய்லியனும் மான்சாங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சியாவ்யே தட்டை மேஜைமேல் வைத்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தான் வந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது போல வாசல் பக்கம் திரும்பினாள்.

"பனி உள்ள கொட்டுது, இப்படியா தெறந்து போட்டு உக்காந்திருப்பீங்க அக்கா" என்று சொல்லி, இரட்டைக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

மான்சாங்கின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன. நூடுல்ஸ் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே தொங்கியது. அந்தக் குளிரில் அவன் நெற்றி வேர்த்தது. கண் தாழ்ப்பாளைவிட்டு அகலவில்லை.

ருய்லியன் எழுந்தாள். சியாவ்யேயின் தோளைத் தொட்டு, தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் சுவரோடு ஒட்டுகிறவரை விரியத் திறந்தாள். முக்காலியை வாசல் நிலைக்குள் இழுத்துப் போட்டு, வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து, கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். அவள் தோளிலும் தலைத்துணியிலும் பனி விழுந்துகொண்டிருந்தது.